பூனைக்கு ஒரு கதவு
திருவனந்தபுரத்தில் பூனைக்கு வழி விட்டால், அதன் பின்னாலேயே தோட்டத்துப் பிராணிகளும் வீட்டுக்குள் வரக்கூடும்

2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த விழா ஒன்றில் கேரள முதல்வர் பினராயி விஜயன் விசித்திரமான புகார் ஒன்றைச் சொன்னார். அமைச்சர்கள் வசிக்கும் அரசு வீடுகளில் இஸ்திரி போட்ட சட்டையை வெளியே வைக்க முடிவதில்லை. மரநாயின் சிறுநீர் பட்டுவிடுகிறது. குடிக்கும் தண்ணீரைக்கூட மூடி வைக்க வேண்டியிருக்கிறது.

மலையாளிகள் மரப்பட்டி என்று அழைக்கும் மரநாய், ஏறக்குறைய பூனையின் அளவு. வளர்ப்புப் பூனைக்காகக் கதவில் துளை போட நினைப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். பூனை நுழையும் வழியில் மரநாயும் நுழையும்.

பூனைக்கதவு புதிய சமாச்சாரம் அல்ல. இங்கிலாந்தின் எக்ஸிட்டர் தேவாலயத்தில், கடிகார அறையில் எலி பிடிக்கப் பூனை போய்வருவதற்காக 1598-ல் கதவில் வட்டத் துளை போட்டார்கள். தச்சர்களுக்குக் கூலி எட்டு பென்னி. கேரளத்தின் பழைய ஓட்டு வீடுகளில் பூனைக்கு அந்தத் தேவையே இருக்கவில்லை. கான்கிரீட் கூரையும் ஜன்னலில் கொசுவலையும் வந்த பிறகுதான் வழி அடைபட்டது.

முன்னும் பின்னும் ஆடும் பலகைக்குப் பூனையைப் பழக்குவது சுலபம். முதல் சில நாட்கள் பலகையைத் தூக்கிக் கட்டிவிட்டு, மறுபக்கம் மீன் துண்டு வைக்க வேண்டும். பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலகையை இறக்கினால், தலையால் முட்டித் திறக்கக் கற்றுக்கொண்டுவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். தென்னை மரங்களும் புதர்களும் நிறைந்த இந்த நகரின் தோட்டங்களில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் உண்டு. அணிலும் தவிட்டுக்குருவியும் உண்டு. வயிறு நிறைந்திருந்தாலும் பூனை வேட்டையாடும். குற்றுயிராகப் பிடித்ததை வீட்டுக்குள் கொண்டு வருவதும் அதன் வழக்கம். அது விஷப்பாம்பாக இருந்தால் ஆபத்து குடும்பத்துக்கு.

பறவைகளுக்கும் ஆபத்துதான். நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894-ல் கலங்கரை விளக்கம் இயங்கத் தொடங்கியது. அதையொட்டி வந்து சேர்ந்த பூனைகள், அங்கிருந்த பறக்கத் தெரியாத சிறு குருவி இனத்தைச் சில ஆண்டுகளிலேயே பூண்டோடு அழித்தன.

வெளியே சண்டையிட்டுத் திரும்பும் பூனை வெறிநோயையும் கொண்டு வரலாம். 2021 ஜனவரியில் கேரளத்தில் நாய்க்கடிக்குச் சிகிச்சை பெற்றவர்கள் 20,875 பேர்; பூனைக்கடிக்கு 28,186 பேர். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சுகாதாரத் துறை தந்த கணக்கு இது.

அப்படியானால் கதவே வேண்டாமா? தாழ்ப்பாள் உள்ள கதவு வேண்டும். பொழுது சாய்வதற்குள் பூனையை உள்ளே அழைத்துத் தாழிட்டுவிட்டால், இரவில் நடமாடும் மரநாய்க்கு வழியில்லை. பூனையின் தோலுக்கடியில் வைத்த மைக்ரோசிப்பை அடையாளம் கண்டு மட்டுமே திறக்கும் கதவுகளும் இருக்கின்றன. ஆனால் பூனையின் வாயில் என்ன இருக்கிறது என்று அவை பார்ப்பதில்லை. ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். பாம்பு வந்துவிட்டால் அடிக்க வேண்டாம். கேரள வனத்துறையின் ‘சர்ப்ப’ செயலியில் தெரிவித்தால் பயிற்சி பெற்றவர்கள் வந்து பிடித்துச் செல்வார்கள்.

கதவைத் திறக்கப் பூனை தானே கற்றுக்கொள்ளும். நேரத்தோடு மூடுவதற்கு வீட்டுக்காரர்தான் பழகிக்கொள்ள வேண்டும்.