மேசை, பக்கத்து அறை, வாசல்

சென்ற மழைக்காலத்தில் மதுரையில் நண்பர் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில் பதினைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். போரும் சமாதானமும்தான் பேச்சு. தோழர் ஒருவர் உற்சாகமாகச் சொன்னார்: "பேச்சுவார்த்தைக்குப் பொம்பளைங்களை அனுப்பிப் பாருங்க, எந்தச் சண்டையும் ஆறு மாசத்துல முடிஞ்சிரும்." கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த தோழி தலை நிமிராமலே கேட்டார்: "அப்ப சந்திரிகா?"

எல்லாரும் சிரித்தோம். யாரும் பதில் சொல்லவில்லை, நானும்தான். 1994 இல் சமாதான வாக்குறுதியோடு ஆட்சிக்கு வந்த சந்திரிகா குமாரதுங்கவின் அரசு அடுத்த ஆண்டே 'சமாதானத்துக்கான போர்' என்று பெயர் சூட்டி யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்ததை அங்கிருந்த அனைவரும் அறிவோம். அறிந்தும், பெண் என்றால் சமாதானம் என்ற சமன்பாட்டை நாம் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்? அந்தக் கேள்விக்குத் தாமதமாக நான் எழுதிப் பார்க்கும் பதில் இது.

1

முதலில் இந்தச் சொல்லாடலின் அதிகாரபூர்வப் பிரதியைப் பார்த்துவிடுவோம். 2000 அக்டோபர் 31 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1325 ஆம் எண் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. போரைத் தடுப்பது, தீர்ப்பது, போருக்குப் பின் கட்டியெழுப்புவது ஆகிய எல்லா மட்டங்களிலும் முடிவெடுக்கும் இடத்தில் பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது அது. போர்க்காலத்தில் பெண்களைப் பாலியல் வன்முறையிலிருந்து பாதுகாக்கவும் சொல்கிறது. பங்கேற்பு, பாதுகாப்பு, தடுப்பு, நிவாரணம் என்று நான்கு தூண்களாக இதைப் பிரித்துப் பேசுவது வழக்கம்.

நிறைவேற்றாத அரசுக்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை. ஒவ்வொரு நாடும் தனக்கான செயல்திட்டத்தைத் தானே எழுதிக்கொள்ளலாம், எழுதாமலும் இருக்கலாம். எழுதிய பிரிட்டன், தன் ஆளுகைக்குள் முப்பதாண்டு ரத்தம் சிந்திய வட அயர்லாந்தை அந்தத் திட்டத்தில் சேர்க்கவில்லை. அங்கே நடந்தது 'ஆயுத மோதல்' என்ற வரையறைக்குள் வராதாம். எது போர் என்று பெயரிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, எந்தப் பெண்ணுக்கு நாற்காலி போட வேண்டும் என்ற அதிகாரமும் அவர்களிடமே இருக்கிறது.

1992 முதல் 2011 வரை நடந்த 31 பெரிய சமாதான முயற்சிகளை ஐ.நா. பெண்கள் அமைப்பு எடுத்துப் பார்த்தது. பேச்சாளர்களில் பெண்கள் சுமார் 9 சதவீதம். தலைமை நடுவர்களில் 2 சதவீதம் அளவு. இந்த எண்களைக் காட்டி 'இன்னும் கூட்டுங்கள்' என்று கேட்பது நியாயம்தான். ஆனால் எண்ணிக்கை சொல்லாத ஒன்று உண்டு. அந்தப் பெண்கள் எந்த வழியாக உள்ளே வந்தார்கள், எங்கே உட்கார வைக்கப்பட்டார்கள் என்பது. எனக்குத் தெரிந்து மூன்று இடங்கள் இருக்கின்றன: மேசை, பக்கத்து அறை, வாசல்.

2

மேசைக்கு உதாரணம் வட அயர்லாந்து. பேச்சுவார்த்தையில் யார் பங்கேற்பது என்பதை 1996 மே 30 இல் நடந்த தேர்தல் ஒன்று முடிவு செய்தது. அதன் விதியில் ஒரு சின்ன ஓட்டை: அதிக வாக்குப் பெறும் முதல் பத்துக் கட்சிகளுக்கு, தொகுதியில் தோற்றிருந்தாலும், தலா இரண்டு இடம். ஆயுதக் குழுக்களோடு தொடர்புள்ள சிறு கட்சிகளை உள்ளே இழுப்பதே இதன் நோக்கம். பெண்களை மனதில் வைத்து யாரும் இதை எழுதவில்லை.

கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் பெண்கள் சிலர் இந்த ஓட்டையைப் பார்த்தார்கள். தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு 'வட அயர்லாந்துப் பெண்கள் கூட்டணி' உருவாயிற்று. கிடைத்த வாக்கு 1 சதவீதம்தான், ஆனால் முதல் பத்துக்குள் வந்துவிட்டார்கள். மோனிகா மெக்வில்லியம்ஸும் பேர்ல் சாகரும் மேசையில் உட்கார்ந்தார்கள். அவையில் அவர்கள் பேச எழுந்தபோது எதிர்வரிசை ஆண்கள் மாடு மாதிரிக் கத்தினார்கள் என்பது பதிவாகியிருக்கிறது.

மாட்டுச் சத்தத்தைத் தாண்டி அவர்கள் என்ன செய்தார்கள்? 1998 ஏப்ரல் 10 இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் பாதிக்கப்பட்டோரின் உரிமை, இரு சமயக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள், அரசியலில் பெண்களின் முழுப் பங்கேற்பு, குடிமக்கள் மன்றம் ஆகியவை இடம்பெற அழுத்தம் கொடுத்தார்கள். எல்லை, ஆயுதம், ஆட்சிப் பங்கீடு என்று மட்டும் ஓடிய கதையாடலுக்குள் அன்றாட வாழ்க்கையைக் கொண்டுவந்தார்கள்.

பிறகு? குடிமக்கள் மன்றம் 2000 இல் கூடியது. 2002 இல் சட்டமன்றம் முடக்கப்பட்டபோது அதுவும் முடங்கியது. 2003 தேர்தலில் கூட்டணி தன் இடங்களை இழந்தது, 2006 இல் கலைந்தது. இதற்கிடையே காவல் துறையைச் சீர்திருத்தினார்கள். 2001 முதல் 2011 வரை புதிய காவலர்களில் பாதிப்பேர் கத்தோலிக்கர் என்று சட்டமே இருந்தது. பெண்களுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. சமயத்துக்கு விதி, பெண்ணுக்கு வாழ்த்து.

இதிலிருந்து நான் கற்றது இதுதான். நல்லெண்ணத்தால் கிடைக்கும் நாற்காலியை விட விதியால் கிடைக்கும் நாற்காலி உறுதியானது. அந்த விதி தற்காலிகமானது என்றால் நாற்காலியும் தற்காலிகமே.

3

பக்கத்து அறை நமக்கு மிக அருகில் இருந்தது. 2002 பிப்ரவரியில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் போர்நிறுத்தம் செய்தார்கள். நார்வே நடுநிலை வகிக்க, செப்டம்பரில் பேச்சு தொடங்கியது. போர்முனையில் மாலதி படையணி, சோதியா படையணி என்று பெண்களின் தனிப் படைகள் இருந்தன. தென்னிலங்கையிலும் வடகிழக்கிலும் மகனைத் தேடி ராணுவ முகாம் வாசல்களில் நின்ற தாய்மார் இருந்தார்கள். மேசையில் இரு தரப்பின் பிரதான பேச்சாளர்களும் ஆண்கள்.

பெண் அமைப்புகளின் வற்புறுத்தலுக்குப் பிறகு, 2002 டிசம்பரில் ஆஸ்லோ சுற்றில் பெண்களுக்கென்று ஒரு குழு அமைக்க முடிவாயிற்று. பாலினப் பிரச்சினைகளுக்கான துணைக்குழு என்று பெயர். அரசு தரப்பில் ஐவர், அவர்களில் ஒருவர் பெண்ணிய வரலாற்றறிஞர் குமாரி ஜயவர்த்தன. புலிகள் தரப்பில் தமிழினி தலைமையில் ஐவர். 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடினார்கள். மீள்குடியேற்றம், பெண்களின் பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியல் பிரதிநிதித்துவம் என்று பொது அக்கறைகளில் இரு தரப்பும் உடன்பட முடிந்தது.

ஏப்ரல் 21 அன்று புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். துணைக்குழுவும் அத்தோடு முடிந்தது.

துணைக்குழு என்ற அமைப்பின் இலக்கணத்தைக் கவனியுங்கள். அது ஆலோசனை சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. மேசை கவிழ்ந்தால் பக்கத்து அறையின் விளக்கும் அணையும். மேசை கவிழாமல் இருக்கப் பக்கத்து அறையால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே கூடிய பத்துப் பேரின் திறமையையோ நேர்மையையோ நான் சந்தேகிக்கவில்லை. போர்நிறுத்தம் நீடிக்குமா என்ற கேள்வி 'பெண்கள் பிரச்சினை' பட்டியலில் வராது என்று யார் தீர்மானித்தது என்பதே என் கேள்வி.

4

பின்பு வாசல். லைபீரியாவில் 2003 இல் லேமா போவியும் தோழிகளும் கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்களைத் திரட்டி வெள்ளை உடையில் மன்ரோவியாவின் மீன் சந்தையருகே வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். கானாவின் அக்ராவில் பேச்சுவார்த்தை நடந்தபோது அங்கும் போனார்கள். ஜூலையில் ஒரு நாள், பேச்சு நகரவில்லை என்றானதும் மண்டபத்தின் வாசலைக் கைகோத்து அடைத்து உட்கார்ந்தார்கள். கையெழுத்தாகும் வரை யாரும் வெளியே போக முடியாது. காவலர்கள் கைது செய்ய வந்தபோது போவி தன் ஆடையைக் களையத் தொடங்கினார். தாய் தன் நிர்வாணத்தைக் காட்டுவது அங்கே சாபம். காவலர்கள் பின்வாங்கினார்கள். ஆகஸ்ட் 18 இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2004 ஜூலை 15 அன்று, இம்பாலில் காங்லா கோட்டை வாசல். அசாம் ரைபிள்ஸ் காவலில் எடுத்துச் சென்ற தங்ஜம் மனோரமாவின் உடல் குண்டுக் காயங்களோடு கிடைத்த சில நாட்களில், பன்னிரண்டு தாய்மார் அங்கே ஆடை களைந்து நின்றார்கள். அந்த நவம்பரில் அசாம் ரைபிள்ஸ் காங்லாவை விட்டு வெளியேறியது. ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம், அதாவது மத்திய அரசின் முன் அனுமதியில்லாமல் படையினர் மீது வழக்குத் தொடர முடியாது என்ற 1958 ஆம் ஆண்டுச் சட்டம், ரத்தாகவில்லை.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்தால் தாய்மையைப் போற்றும் பாடலாகிவிடும். முடிக்க முடியாது. 2023 மே 4 அன்று அதே மணிப்பூரில் இரண்டு குக்கிப் பெண்கள் ஆண் கும்பலால் நிர்வாணமாக இழுத்துச் செல்லப்பட்டார்கள். ஜூன் 24 அன்று இத்தாம் கிராமத்தில் பெண்கள் முன்னின்ற மெய்த்தேய் கூட்டம் ராணுவத்தைச் சூழ்ந்து நிற்க, பிடிபட்ட ஆயுதக்குழுவினர் பன்னிரண்டு பேர் விடுவிக்கப்பட்டார்கள். வாசலை மறிப்பது ஓர் உத்தி. சமாதானத்துக்கும் மறிக்கலாம், தன் இனத்தின் துப்பாக்கிக்காகவும் மறிக்கலாம். பெண் உடலுக்குள் சமாதானம் இயற்கையாக ஊறுவதில்லை.

5

"சரி, வாசலில் எதுக்கு நிக்கணும், கோட்டைக்குள்ளேயே போயிடலாமே?" என்று கேட்கலாம். போகிறார்கள். 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்க உத்தரவிட்டது. கிராமத்திலிருந்து வரும் ஆண் சிப்பாய்கள் பெண்ணின் தலைமையை ஏற்க மாட்டார்கள் என்ற அரசின் வாதத்தை அது ஏற்கவில்லை. தேசியப் பாதுகாப்பு அகாதெமியிலிருந்து 2025 மே மாதம் முதல் 17 பெண்கள் பயிற்சி முடித்து வெளிவந்தார்கள். சம உரிமை என்ற அளவில் இதை எதிர்க்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. இதுவே சமாதானத்துக்கான படி என்றால்தான் இடறுகிறது.

அமெரிக்க ஆய்வாளர் கரோல் கோன் 1984 இல் அணு ஆயுதப் போர் உத்தி வகுப்பவர்களிடையே போய் உட்கார்ந்தார். 1987 இல் அதைப் பற்றி எழுதினார். அவர்களுடைய மொழியைக் கற்றுக்கொண்டால்தான் மதிப்பார்கள் என்று கற்றார். கற்றதும் ஒரு விபரீதம் நடந்தது. அந்த மொழியில் 'சமாதானம்' என்ற சொல்லுக்கே இடமில்லை, கிட்டத்தில் இருப்பது 'உத்திசார் ஸ்திரத்தன்மை'. செத்த மனிதர்கள் 'பக்கவாட்டுச் சேதம்'. தான் கேட்க வந்த கேள்விகளை அந்த மொழியில் கேட்கவே முடியவில்லை என்பதோடு, அந்த மொழி தனக்குப் பிடிக்கவும் தொடங்கியதை அவர் ஒளிக்காமல் சொல்கிறார்.

1993 இல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரையில் ஓர் ஆண் இயற்பியலாளர் வருகிறார். அணுத் தாக்குதலில் சாவு எண்ணிக்கையைச் சக ஆண்களோடு கணக்கிடுகிறார். 3 கோடி 60 லட்சம், கணக்கைத் திருத்தினால் 3 கோடிதான். 'தான்' என்ற சொல்லில் திடுக்கிட்டு, நாம் பேசுவது மனிதர்களைப் பற்றி அல்லவா என்று கேட்டுவிடுகிறார். அறை முழுக்க மௌனம். அந்தக் கணத்தில் தான் ஒரு பெண்ணைப் போல உணர்ந்ததாகப் பிறகு கோனிடம் சொல்கிறார், பெருமையாக அல்ல, அவமானமாக.

அந்த அறையில் 'பெண்' என்பது ஆள் அல்ல, ஒரு குரலுக்கான தடை. தடை நீடிக்கும்வரை பத்துப் பெண்களை நியமித்தாலும் அவர்கள் முதலில் செய்ய வேண்டியிருப்பது தாங்கள் அப்படிப் பேச மாட்டோம் என்று நிரூபிப்பதுதான். சந்திரிகா பற்றிய கேள்விக்கு என் பதிலின் பாதி இதில் இருக்கிறது.

மீதிப் பாதி, அவர்கள் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பது. 2007 இல் இந்தியா, ஐ.நா. வரலாற்றில் முதன்முறையாக, பெண்கள் மட்டுமே கொண்ட காவல் பிரிவை லைபீரியாவுக்கு அனுப்பியது. அங்கே பெண்கள் காவல் துறையில் சேர அது ஊக்கம் தந்தது என்று பாராட்டினார்கள். இருக்கட்டும். அனுப்பிய அதே அரசின் சட்டப் புத்தகத்தில்தான் மேலே சொன்ன 1958 ஆம் ஆண்டுச் சட்டமும் இருந்தது. சீருடைக்குள் பெண் இருப்பதும், சீருடை பெண்ணுக்குப் பதில் சொல்வதும் வேறு வேறு.

ஆகவே அடுத்த முறை 'பேச்சுவார்த்தைக் குழுவில் பெண்கள்', 'பாதுகாப்பு அமைப்பில் பெண்கள்' என்று செய்தி வந்தால் எத்தனை பேர் என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். எந்த விதியால் வந்தார்கள், அந்த விதியை யார் எப்போது எடுத்துவிட முடியும்? முடிவெடுக்கும் மேசையா, ஆலோசனை அறையா? வாசலில் நிற்கும் பெண்களுக்கு அவர்கள் கணக்குக் காட்ட வேண்டுமா? 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அரசு அமைத்த அலுவலகங்கள் அவர்களைத் தேடி வந்தன, விவரம் கேட்டன. பிள்ளைகள் எங்கே என்று சொல்லவில்லை.

கட்டுரையை எழுதும்முன் அந்த மதுரைக் கூட்டத்தின் குறிப்பை வாங்கிப் படித்தேன். எல்லாருடைய பேச்சும் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. ஆறு மாதத்தில் சண்டையை முடித்துவைக்கும் யோசனைகூட இருந்தது. "அப்ப சந்திரிகா?" மட்டும் இல்லை. தோழியிடம் கேட்டேன். "குறிப்பு எழுதற ஆளு தான் பேசினதை எப்படிங்க எழுதிக்கிறது?" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு நான் நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.