நெல்லைச் சாலையில் பந்தய பைக்

ஸ்போர்ட் பைக் வாங்கப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது குதிரைத்திறன். விவரத்தாளில் அதற்குப் பக்கத்திலேயே இன்னோர் எண் இருக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றினால் அந்தத் திறன் கைக்கு வரும் என்று சொல்லும் ஆர்.பி.எம். எண் அது. பெரும்பாலானோர் அதைப் பார்ப்பதில்லை. ஆனால் சாலைக்கு ஏற்ற வண்டி எது, பந்தயத்துக்கு ஏற்ற வண்டி எது என்பதை முடிவு செய்வது அந்த இரண்டாவது எண்தான்.

காரணம் எளிது. எஞ்சினின் இழுவிசையை, அதாவது டார்க்கை, சுற்று எண்ணிக்கையோடு பெருக்கினால் வருவதே குதிரைத்திறன். ஆகவே சிறிய எஞ்சினில் அதிகத் திறன் வேண்டுமென்றால் அதை வேகமாகச் சுழலவிட வேண்டும். வேகமாகச் சுழல வேண்டுமானால் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் குறைய வேண்டும். பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு இருபது மீட்டரைத் தாண்டிப் போகப்போக உலோகத்தின் மீதான பாரம் கடுமையாக ஏறும். யமஹா ஆர்15 வண்டியில் பிஸ்டன் ஓடும் தூரம் 58.7 மி.மீ.; அது 10,000 ஆர்.பி.எம்.மில் உச்சத் திறனைத் தொடுகிறது. பி.எம்.டபிள்யூ. எஸ் 1000 ஆர்.ஆரில் அந்தத் தூரம் 49.7 மி.மீ. மட்டுமே என்பதால் 13,750 வரை போக முடிகிறது. இந்த உயரத்தில் கிடைக்கும் திறன் பந்தயத் திடலில் சுற்றுக்குச் சுற்று பயன்படும். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒருநாளும் பயன்படாது.

வேகத்துக்கு எதிராக நிற்பது பெரும்பாலும் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். சமதரையில் 80 கி.மீ. வேகத்தில் போக ஐந்தாறு குதிரைத்திறன் போதும். 160ஐத் தொட முப்பதுக்கு மேல் வேண்டும். 300ஐ நெருங்கவோ 160, 170 தேவை. நான்குவழி நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018இல் வகுத்த வேக உச்சவரம்பு 80 கி.மீ.; நகராட்சிச் சாலைகளில் 60. கங்கைகொண்டானிலிருந்து வள்ளியூர் வரை விதிப்படி ஓட்டுகிற எவருக்கும் இருநூறு குதிரைத்திறனில் நூற்றுத் தொண்ணூறுக்கு மேல் சும்மா கிடக்கும்.

இந்தக் கணக்கோடு சில ஸ்போர்ட் பைக்குகளைப் பார்க்கலாம்.

கல்லூரி மாணவர்கள் அதிகம் விரும்புவது ஆர்15. 2008இல் இந்தியாவுக்கு வந்த இந்த வண்டிதான், திரவக் குளிர்விப்பும் முழு ஃபேரிங்கும் கொண்ட சின்ன ஸ்போர்ட் பைக்கை நடுத்தரக் குடும்பத்துப் பையனின் கைக்குக் கொண்டுவந்தது. இன்றைய வடிவம் 155 சி.சி., 18.4 குதிரைத்திறன், 142 கிலோ. 7,400 ஆர்.பி.எம்.முக்குக் கீழே ஒரு கேம், அதற்கு மேலே வேறொரு கேம் என்று வால்வுகளின் திறப்பை மாற்றிக்கொள்ளும் வி.வி.ஏ. ஏற்பாடு இதில் உண்டு. அதனால் கீழ்ச்சுற்றிலும் ஓரளவு இழுக்கும். ஓரளவுதான். சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவே வாழைத்தார் ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஐந்தாவது கியரில் மாட்டிக்கொண்டவர், எதிரே இடைவெளி கிடைத்ததும் முறுக்கினால் வண்டி உடனே பாயாது. இரண்டு கியர் இறக்கி, சுற்று ஏழாயிரத்தைத் தாண்டிய பிறகே உயிர் பெறும். அதற்குள் எதிரே பேருந்து வந்திருக்கும். பந்தயத்தில் இந்தக் குணம் குறையே அல்ல. சுற்றை மேலேயே வைத்திருக்கப் பழக்குவதால் நல்ல பள்ளிக்கூடம். சாலையில் அது பொறுமையைக் கேட்கும்.

அடுத்தது டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310. நெல்லைக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. டி.வி.எஸ். குழுமத்தை 1911இல் மதுரையில் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் பிறந்தது இந்த மாவட்டத்துத் திருக்குறுங்குடியில். அந்தக் குழுமத்தின் ஓசூர் நிறுவனம் 2013இல் பி.எம்.டபிள்யூ.வோடு ஒப்பந்தம் செய்தது. அதில் பிறந்த எஞ்சினை வைத்து 2017 டிசம்பரில் இந்த வண்டி வந்தது. எஞ்சின் வழக்கத்துக்குத் தலைகீழானது. சிலிண்டர் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். காற்று முன்பக்கமாக நுழைந்து புகை பின்பக்கமாக வெளியேறும். இப்படிச் செய்ததில் எஞ்சினின் எடை முன்சக்கரத்தை நோக்கி நகர்கிறது. வண்டியின் நீளத்தைக் கூட்டாமலே பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மை நீளமாக்க முடிகிறது. வளைவில் முன்சக்கரம் நம்பிக்கையோடு நிற்பதற்கும், முடுக்கும்போது பின்பக்கம் அலையாமல் இருப்பதற்கும் அடிப்படை இதுதான்.

தொடக்கத்தில் 34 குதிரைத்திறன் தந்த ஆர்.ஆர். 310, 2024இல் 38க்கு உயர்ந்தது. 9,800 ஆர்.பி.எம்.மில் அந்த உச்சம். 7,900இல் 29 நியூட்டன் மீட்டர் டார்க். எடை 174 கிலோ. மழை, நகரம், ஸ்போர்ட், டிராக் என நான்கு ஓட்டமுறைகள் உண்டு. முதல் இரண்டில் எஞ்சின் தன் திறனைத் தானே குறைத்துக்கொள்ளும். தனக்கு வேண்டிய சஸ்பென்ஷனையும் பாகங்களையும் கேட்டுப் பொருத்தி வாங்கும் வசதி 2021இலிருந்து இருக்கிறது. தரையிலிருந்து 180 மி.மீ. இடைவெளி இருப்பதால் ஊருக்கு ஊர் உள்ள வேகத்தடைகளில் வயிறு இடிக்காது.

கே.டி.எம். ஆர்.சி. 390 வேறு மாதிரி. புனே அருகே சாகனில் பஜாஜ் ஆலையில் தயாராகும் இது 373 சி.சி. ஒற்றைச் சிலிண்டர், 43.5 குதிரைத்திறன், 172 கிலோ. உண்மையான பலம் 7,000 ஆர்.பி.எம்.மிலேயே கிடைக்கும் 37 நியூட்டன் மீட்டர் டார்க். யமஹா ஆர்3யோடு வைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஆர்3 இரட்டைச் சிலிண்டர், 321 சி.சி., 42 குதிரைத்திறன். காகிதத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் ஆர்3க்கு அந்தத் திறன் 10,750இல்தான் வரும், டார்க் 29.5, அதுவும் 9,000இல். அதே வாழைத்தார் லாரியை ஆர்.சி. 390 கியர் இறக்காமலே தாண்டிவிடும்; ஆர்3 ஓட்டுபவர் கியரைத் தேட வேண்டும். பதிலுக்கு, மணிக்கணக்கில் நெடுஞ்சாலையில் போனால் ஆர்3யின் எஞ்சின் அதிராது, கை மரத்துப்போகாது. ஆர்.சி. 390இல் கைப்பிடி தாழ்வு, உட்காரும் நிலை முன்னோக்கிச் சாய்வு. மதுரை போய்ச் சேர்வதற்குள் மணிக்கட்டு சொல்லிவிடும். வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்து அதற்கேற்ப பிரேக்கையும் பின்சக்கரச் சறுக்கலையும் கட்டுப்படுத்தும் மின்னணு ஏற்பாடும் ஆர்.சி. 390இல் உண்டு.

இந்த இரண்டின் நல்ல குணங்களையும் சேர்க்கப் பார்த்தது ஏப்ரிலியா ஆர்.எஸ். 457. இத்தாலியப் பெயர், மகாராஷ்டிரத்து பாராமதியில் உற்பத்தி. இரட்டைச் சிலிண்டர், 47.6 குதிரைத்திறன், 6,700 ஆர்.பி.எம்.மில் 43.5 நியூட்டன் மீட்டர்; எரிபொருளோடு 175 கிலோ. இந்த வரிசையில் சாலையிலும் திடலிலும் ஒருங்கே ஜெயிக்கக்கூடிய எஞ்சின் இதுதான். குறை எஞ்சினில் இல்லை. வாங்கும் விலையிலும், சர்வீஸ் நிலையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதிலும்தான்.

லிட்டர் வகுப்பு என்கிற ஆயிரம் சி.சி. வண்டிகள் தனி உலகம். எஸ் 1000 ஆர்.ஆர். 210 குதிரைத்திறன், 197 கிலோ. நூறு கிலோ எடைக்குக் கணக்கிட்டால் ஆர்15க்கு 13, ஆர்.ஆர். 310க்கு 22, ஆர்.எஸ். 457க்கு 27, இதற்கோ 107. முதல் கியரிலேயே சட்ட வரம்பைத் தாண்டிப் போய்விடும். கவாசாகி இசட்.எக்ஸ்.-10ஆர், டுகாட்டி பனிகாலே வி4 ஆகியவையும் இந்த இனமே. உலக சூப்பர்பைக் போட்டியில் கடையில் விற்கும் வண்டியை அடிப்படையாகக் கொண்டே ஓட வேண்டும் என்பது விதி. இவை பிறந்ததே அந்த விதிக்காகத்தான். ஜோனதன் ரே கவாசாகியில் 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு பட்டங்கள் வென்றார். சித்திரை வெயிலில் வண்ணாரப்பேட்டை சிக்னலில் நிற்கும்போது இந்த எஞ்சின்களின் ரேடியேட்டர் விசிறி ஓயாமல் சுற்றும். வெப்பக் காற்று முழுக்கத் தொடையில் அடிக்கும். காற்றைக் கிழித்து ஓடும்போது குளிர்வதற்காக வடிவமைத்த எஞ்சினை நிறுத்தி வைத்தால் வேறு என்ன நடக்கும்?

கடையில் வாங்கிய வண்டி அப்படியே பந்தயத்துக்குப் போவதில்லை. முகப்பு விளக்கு, கண்ணாடி, இண்டிகேட்டர், சைடு ஸ்டாண்டு எல்லாம் கழற்றப்படும். ஆயில் சிந்தினால் திடலில் விழாமல் பிடித்துக்கொள்ள அடியில் தொட்டி போன்ற உறை வரும். ஆயில் போல்ட்டுகள் கழன்றுவிடாமல் மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டப்படும். ரேடியேட்டரில் கூலண்ட் இருக்காது, வெறும் தண்ணீர்தான். கூலண்ட் கொட்டினால் பின்னால் வருபவர் வழுக்கி விழுவார். கால்வைக்கும் இடம் உயரும். கியர் போடும் முறை தலைகீழாகும்: மேல் கியருக்குக் காலை அழுத்த வேண்டும். இடப்பக்கம் படுத்திருக்கும்போது மிதிக்குக் கீழே பாதம் நுழைய இடம் இருக்காது என்பதே காரணம். டயரில் பள்ளங்கள் இருக்காது. போர்வை போன்ற மின்சூடேற்றியால் சுற்றி, சூடாக்கிய பிறகே திடலில் இறங்கும். சூடேறாத பந்தய டயரோடு அம்பாசமுத்திரம் சாலையில் போனால் முதல் வளைவிலேயே கீழே விழ வேண்டியதுதான். அப்பாச்சி ஆர்.ஆர். 310ஐ இப்படி மாற்றியமைத்து, 2022 முதல் ஆசிய அளவில் ஒரே வகை வண்டிகளுக்கான போட்டியை டி.வி.எஸ். நடத்துகிறது. அந்தப் பந்தய வடிவம் மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் ஓடியிருக்கிறது.

இனி தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் சாலைகள். பிசானம் அறுவடை முடிந்த நாட்களில் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் சாலையின் பாதியில் நெல் காயும். வைக்கோலும் பரவிக் கிடக்கும். நெல்மணி டயருக்கும் தாருக்கும் நடுவே உருளும். அதன் மேல் பிரேக் பிடித்தால் ஏ.பி.எஸ். சக்கரத்தை விட்டுவிட்டுப் பிடித்து வண்டியை நேராக வைத்திருக்கும். ஆனால் நிற்கும் தூரம் நீண்டுவிடும். எந்த விலை பைக்கானாலும் இதில் மாற்றமில்லை.

தெற்கே போனால் காற்று. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து வரும்; முப்பந்தல் காற்றாலைகள் அதை நம்பியே நிற்கின்றன. முழு ஃபேரிங் கொண்ட வண்டி பக்கவாட்டுக் காற்றுக்குப் பெரிய பரப்பைக் காட்டுகிறது. லாரியின் மறைவிலிருந்து வெளியே வரும் கணத்தில் முன்பக்கம் ஓரடி நகர்ந்துவிடும். எடை குறைந்த ஆர்15 அதிகம் அலையும். வேகத்தைக் குறைத்து, முழங்காலால் டேங்கை இறுக்கி, கைகளைத் தளர்த்திப் பிடிப்பதே வழி. கைப்பிடியை இறுக்கினால் உடலின் ஆட்டமெல்லாம் முன்சக்கரத்துக்குப் போய்ச் சேரும்.

பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும் பாதையும் மணிமுத்தாறு–மாஞ்சோலைப் பாதையும் வளைவுகளைப் பார்த்து ஆசைப்படவைக்கும். இரண்டும் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகின்றன. வனத்துறைச் சோதனைச்சாவடிகள் உண்டு. வளைவுக்கு அப்பால் மிளாவோ யானையோ நிற்கலாம். அங்கே வேகம் காட்டுவது ஓட்டுபவருக்கும் காட்டுக்கும் சேர்த்துச் செய்யும் தவறு.

விலைக் கணக்கிலும் ஒரு கோடு விழுந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது; அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம். ஆர்15, ஆர்.ஆர். 310, ஆர்3 கோட்டுக்குக் கீழே; 373 சி.சி. ஆர்.சி. 390, ஆர்.எஸ். 457, லிட்டர் வண்டிகள் மேலே.

நெல்லையில் ஒரே ஒரு வண்டி வாங்கி, அதிலேயே வேலைக்கும் போய், எப்போதாவது கோவையில் உள்ள பந்தயத் திடலிலும் இறங்க விரும்புபவருக்கு ஆர்.ஆர். 310 பொருந்தும். தனியாக ஓட்டுபவராக, சிரமத்தைப் பொருட்படுத்தாதவராக இருந்தால் ஆர்.சி. 390. செலவு பாரமில்லை என்றால் ஆர்.எஸ். 457 எல்லாவற்றிலும் மேல். லிட்டர் பைக்கை இந்த மாவட்டத்துச் சாலைக்குப் பரிந்துரைக்கக் காரணம் எதுவும் இல்லை.

பந்தயமே குறி என்றால் இடம் சாலை அல்ல. 2003இல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே கோவை செட்டிபாளையத்தில் இருக்கிறது. நெல்லையிலிருந்து ஏறக்குறைய 360 கி.மீ. சோழவரம் விமானத் தளத்துக்குப் பின் 1990இலிருந்து தமிழகப் பந்தயங்களின் வீடாக இருக்கும் இருங்காட்டுக்கோட்டைத் திடல் சென்னை அருகே. போட்டியில் இறங்க இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. தரும் உரிமம் வேண்டும். தேசியப் போட்டியில் 165 சி.சி. வரையிலான வண்டிகளுக்கே தனிப் பிரிவு உண்டு. அதற்கு ஓர் ஆர்15 போதும்.