சமூகத் தொலைவை அளப்பது எப்படி? – போகார்டஸ் அளவுகோல்



கமுந்திங்கிலிருந்து தைப்பிங் எவ்வளவு தூரம் என்று கேட்டால் உடனே சொல்லிடுவோம். ஆனால் ஒரு சமூகத்துக்கும் இன்னொரு சமூகத்துக்கும் எவ்வளவு தூரம்? அதை எந்த அளவுகோலால் அளப்பது?

நம்ம ஊர் வரலாற்றையே எடுத்துக்குங்க. அன்று கிளியான் பாரு என்று அழைக்கப்பட்ட கமுந்திங்கில் கீ ஹின் கூட்டத்தார் ஈயம் தோண்டினர். கிளியான் பாவ், அதாவது இன்றைய தைப்பிங், ஹாய் சான் கூட்டத்தாரின் பகுதி. இரண்டுக்கும் நடுவில் சில மைல்தான். 1861-இல் சண்டை தொடங்கியபோது இரு தரப்பிலும் ஹக்கா சீனர்களே இருந்தனர். ஆனாலும் 1874 பங்கோர் ஒப்பந்தம் வரை லாருட்டில் போர் மீண்டும் மீண்டும் மூண்டது. பக்கத்தில் இருப்பது வேறு, நெருக்கமாக இருப்பது வேறு.

இந்த நெருக்கத்தை எண்ணால் அளக்க, அமெரிக்கச் சமூகவியலாளர் எமரி போகார்டஸ் 1925-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். ஒரு குழுவினரை எந்த அளவுக்கு ஏற்பீர்கள் என்பதே கேள்வி. படிகள் ஏழு:

1. திருமண உறவாக
2. நெருங்கிய நண்பராக
3. ஒரே தெருவில் அண்டை வீட்டாராக
4. உடன் வேலை செய்பவராக
5. என் நாட்டுக் குடிமகனாக
6. வந்து போகும் பயணியாக மட்டும்
7. நாட்டுக்குள்ளேயே வேண்டாம்

ஒருவர் ஏற்கும் மிக நெருக்கமான படியே அவருடைய மதிப்பெண். எண் கூடினால் தூரம் கூடுகிறது. மூன்றாம் படியை ஏற்பவர் 4, 5-ஐயும் ஏற்பார் என்பது இதன் அடிப்படை.

கணக்கு சுலபம். ஐந்து பேரின் விடை 3, 3, 3, 3, 3 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 3. இன்னொரு வகுப்பில் 1, 1, 1, 6, 6. அங்கேயும் சராசரி 3தான்! ஆனால் இரண்டாவது வகுப்பு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஆகவே சராசரியை மட்டும் எழுதிட்டு நிறுத்தாதீங்க. விடைகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதையும் எழுதுங்கள்.

அளவுகோலின் குறைகள் என்னென்ன?

முதலாவது, சொல் வேறு, செயல் வேறு. ரிச்சர்ட் லாபியர் ஒரு சீனத் தம்பதியருடன் அமெரிக்காவைச் சுற்றினார். 251 விடுதி, உணவகங்களில் ஒரே ஓர் இடத்தில்தான் மறுத்தார்கள். பின்னர் கடிதம் எழுதிக் கேட்டபோது, பதில் அனுப்பியவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் ‘சீனரை ஏற்க மாட்டோம்’ என்றனர். இந்த ஆய்வு 1934-இல் வெளிவந்தது.

இரண்டாவது, ‘ஏன்’ என்பதை எண் சொல்லாது. மலேசியாவில் முஸ்லிமை மணக்க விரும்பும் பிற சமயத்தவர் மதம் மாற வேண்டும். அதனால் ஒருவர் முதல் படியை மறுத்தால் அது வெறுப்பு என்று சொல்லிவிட முடியாது. அவர் மனத்தில் நெருக்கம் இருக்கலாம். சமயமும் சட்டமும் தடுக்கலாம். மனத்தின் ஒட்டுதல் உளத்தொலைவு. மொழி, சமயம், பழக்கவழக்க வேறுபாடு பண்பாட்டுத் தொலைவு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இதை நமக்குள்ளேயும் வைத்துப் பார்க்கணும். தோட்டத்தில் ஒரே லயத்தில் வளர்ந்து, ஒரே கோயில் திருவிழாவில் காவடி எடுத்தவர்கள்தான். மொழி ஒன்று, சமயம் ஒன்று. ஆனால் பெண் கேட்டுப் போனால், ‘அவங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வி வந்துடுது. இரண்டாம் படி வரை திறந்திருந்த கதவு முதல் படியில் மூடிக்கொள்கிறது. இங்கே பண்பாட்டுத் தொலைவு மிகக் குறைவு. சாதி வைத்த தொலைவே பெரிது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் இன, சாதிப் பெயர்களைப் பலகையில் எழுதிக் கை தூக்கச் சொல்லாதீர்கள். ஒரு பிள்ளை தன் குழுவுக்கு எத்தனை கை எழும்பவில்லை என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். ‘அ குழு’, ‘ஆ குழு’ என்று கற்பனைப் பெயர்களைக் கொடுங்கள். விடையைப் பெயரில்லாத தாளில் வாங்குங்கள்.

மாணவர்களுக்குப் பயிற்சிக் கேள்வி: ‘அருகில் வாழ்வதால் மட்டும் சமூகத் தொலைவு குறைந்துவிடுமா?’ லாருட் போர், தோட்ட வாழ்க்கை இரண்டையும் சான்றாகக் கொண்டு விளக்குக.