டேட்டாபேஸும் கொத்தனார் வேலையும்

"பேக்கப் எடுத்தாச்சு" என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்களில் நானும் ஒருவன், புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் வரை. அன்று கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. என் பென் டிரைவில் இருந்தது மதிப்பெண் டேபிள் மட்டும். "பெரிய டேபிள் அதுதானே, அது போதும்" என்று எடுத்து வைத்த என் புத்திசாலித்தனம்!

வேறு கம்ப்யூட்டரில் ரெஸ்டோர் செய்தேன். டேட்டா முழுதும் வந்தது. கடைசியில் ஒரே ஒரு எரர்: மாணவர் டேபிள் இல்லை, ஆகவே ஃபாரின் கீ போட முடியாது. பதிவு எண் இருக்கு, மார்க் இருக்கு, அது யாருடைய மார்க் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. விடிய விடிய 62 பெயர்களைத் திரும்ப டைப் அடித்தேன்.

மதிப்பெண் டேபிள் மாணவர் டேபிளை நம்பி நிற்கிறது. ரேங்க் காட்டும் வியூ இரண்டையும் நம்பி நிற்கிறது. போஸ்ட்கிரெஸ் இந்த உறவுகளை பிஜி டிபெண்ட் என்ற தன் சொந்த டேபிளில் குறித்து வைத்திருக்கிறது. பிஜி டம்ப் அதைப் பார்த்துத்தான் வரிசை போடும்: முதலில் டேபிள்களின் அமைப்பு, பிறகு டேட்டா, கடைசியில் இன்டெக்ஸ், ஃபாரின் கீ, டிரிக்கர்.

ஃபாரின் கீ ஏன் கடைசியில்? எங்க அப்பா கொத்தனார். வீடு கட்டும்போது நிலையை முதலிலேயே நிறுத்திவிடுவார்கள், கதவைக் கடைசியில்தான் மாட்டுவார்கள். சாமான் போய்வர வழி வேண்டுமே! டேட்டாவும் அப்படித்தான். எல்லாம் உள்ளே போன பிறகு பூட்டுப் போட்டால், இரண்டு டேபிள்கள் ஒன்றையொன்று சுட்டினாலும் சிக்கல் இல்லை. மைஎஸ்கியூஎல் வழி வேறு. அதன் டம்ப் ஃபைல், தொடக்கத்திலேயே ஃபாரின் கீ சோதனையை அணைத்துவிட்டு, முடிவில் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

ஆனால் ஒரு டேபிளை மட்டும் கேட்டால் பிஜி டம்ப் அதை மட்டும்தான் தரும். அது நம்பியிருக்கும் டேபிளைத் தேடிக்கொண்டு வராது. நான் மாட்டியது இங்கேதான். முழுதாக எடுங்கள், அதுவும் கஸ்டம் ஃபார்மட்டில். பிஜி ரெஸ்டோருக்கு சின்ன எல் கொடுத்தால் உள்ளே இருப்பதன் பட்டியல் கிடைக்கும். வேண்டாத வரிகளை நீக்கிவிட்டு, பெரிய எல் போட்டு அந்தப் பட்டியலையே திருப்பிக் கொடுக்கலாம்.

இப்போது மாதம் ஒருமுறை காலி டேட்டாபேஸில் ரெஸ்டோர் செய்து பார்க்கிறேன். என் கம்ப்யூட்டரில் எப்போதும் சரியாகவே வந்தது. ரூம்மேட் கம்ப்யூட்டரில் போட்டதும், "இந்த ரோல் இல்லை" என்று வரிசையாக எரர். யூசர்களும் ரோல்களும் சர்வர் முழுவதற்கும் பொது என்பதால் பிஜி டம்ப் அவற்றை எடுப்பதே இல்லையாம். பிஜி டம்ப்ஆல் கமாண்டை, குளோபல்ஸ் ஒன்லி என்று சொல்லித் தனியாக ஓட்டணும். அதையும் அன்றைக்கே ஓட்டி பென் டிரைவில் போட்டுவிட்டேன்.