பயணத்தின்வழி ஸ்பானிய இறந்தகாலம்

தமிழ் இலக்கணம் காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்றாக வகுக்கின்றது. த், ட், ற், இன் என்னும் இடைநிலைகளுள் ஒன்று பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே வந்து நின்றால் இறந்தகாலம் அமைந்துவிடுகின்றது: பார்த்தேன், கண்டேன், சென்றேன், ஓடினேன். இந்தப் பழக்கத்தோடு ஸ்பானிய மொழி வகுப்பினுள் நுழையும் நம் மாணவர் முதல் சில மாதங்களைப் பெரும் இடரின்றிக் கடக்கின்றனர். அம்மொழியின் வினைமுற்றும் நம்முடையதைப் போலவே இடத்தையும் எண்ணையும் தன் ஈற்றில் சுமந்து வருவது. 'நான்', 'நாங்கள்' என்னும் எழுவாய்களைச் சொல்லாமலே விடலாம். இடர் தொடங்குவது இறந்தகாலத்தில்தான். ஒரு வினைக்கு ஓர் இறந்தகாலம் என எதிர்பார்த்து வந்தவர்முன் ஸ்பானியம் இரண்டை வைக்கின்றது. 'மிரார்' என்பது பார்த்தல். 'மிரே' என்றாலும் பார்த்தேன். 'மிராபா' என்றாலும் பார்த்தேன்.

முன்னதை முற்றிய இறந்தகாலம் என்றும் பின்னதை முற்றா இறந்தகாலம் என்றும் இங்கு வழங்குவோம். பின்னதற்கு ஸ்பானியர் இட்ட 'இம்பெர்ஃபெக்தோ' என்னும் பெயருக்கே முற்றாதது என்பதுதான் பொருள். வாய்பாடுகளை மனனம் செய்வது கடினமன்று. முற்றா இறந்தகாலத்தில் 'ஆர்' ஈற்று வினைகள் 'ஆபா' என்றும், 'எர்', 'இர்' ஈற்று வினைகள் 'ஈயா' என்றும் முடியும். இந்நெறிக்கு அடங்காத வினைகள் மொழி முழுவதிலும் மூன்றே. முற்றிய இறந்தகாலத்தில் நெறி பிறழ்வன பல உள்ளன. ஆயினும் அவற்றையும் ஒரு பருவத்திற்குள் ஒப்புவித்துவிடுகின்றனர். ஒப்புவித்த மாணவரிடம் 'நேற்று என்ன செய்தாய்?' என்று கேட்டால் எதை எங்கே இடுவது என்று தெரியாமல் நிற்கின்றார். வாய்பாடு வடிவத்தைத் தரும், தேர்வைத் தராது. தேர்வைக் கற்பிக்க ஏற்ற களம் பயணக் கதை என்பது நம் கருத்து. ஊர் சுற்றிப் பார்த்தவர் எவரும் இரண்டைச் சொல்லாமல் இருக்க முடியாது: அங்கே எப்படி இருந்தது, அங்கே என்ன நடந்தது.

கிரனாதா நகரத்து அல்ஹாம்பிராவை எடுத்துக்கொள்வோம். மலைமேல் அமைந்த அரண்மனைக் கோட்டை அது. அதன் உள்ளரண்மனைகளுக்குள் நுழையச் சீட்டிலேயே நேரம் குறித்துத் தருவார்கள். அங்குச் சென்று வந்த ஒருவர் இவ்வாறு சொல்வதாகக் கொள்வோம்: 'குளிராக இருந்தது. கூட்டம் மிகுந்திருந்தது. மணி பத்து. உள்ளே நுழைந்தோம். சிங்க முற்றத்தில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு சிங்கங்களையும் எண்ணினோம். வெளியே வந்தோம்.' இவற்றுள் நுழைந்தது, எண்ணியது, வெளியே வந்தது ஆகிய மூன்றும் கதையை முன்னே நகர்த்துகின்றன. குளிரும் கூட்டமும் ஓடும் நீரும் கதை நடக்கும் இடத்தை விரித்துக் காட்டுகின்றன, அவை நகர்வதில்லை. நகர்த்துவன முற்றிய இறந்தகாலம் பெறும். விரித்துக் காட்டுவன முற்றா இறந்தகாலம் பெறும். 'கூட்டம் இருந்தது' என்பதற்கு 'அபீயா முச்சா ஹென்தே' என்பர். கடந்த நேரத்தில் மணி சொல்வது எப்போதும் முற்றா இறந்தகாலத்திலேயே வரும். 'மணி பத்தாக இருந்தது' என்பது 'எரான் லாஸ் தியெஸ்'. நுழைந்ததோ 'எந்த்ராமோஸ்'.

தமிழில் இவ்வேறுபாடு இல்லை என்று கருதிவிட வேண்டா. நாம் அதை இடைநிலையில் வைக்காமல் துணைவினையில் வைத்திருக்கின்றோம். 'நீர் ஓடியது' என்பதும் 'நீர் ஓடிக்கொண்டிருந்தது' என்பதும் ஒன்றல்ல. வழக்கமாக நடந்தவற்றைச் சொல்ல எதிர்கால வடிவத்தையே எடுத்து ஆள்வதும் நம் மரபு: 'கிரனாதாவில் தங்கியிருந்தபோது மாலைதோறும் அல்பைஸின் குன்றுக்குச் செல்வோம்.' இந்தச் 'செல்வோம்' ஸ்பானியத்தில் 'ஈபாமோஸ்' என்னும் முற்றா இறந்தகாலமாகும். ஆகவே 'கொண்டிருந்தேன்' என்று நீட்ட இயலுமிடத்தும், 'செய்வேன்' என்று வழக்கமாக மாற்ற இயலுமிடத்தும் முற்றா இறந்தகாலம் என்று மாணவர்க்குச் சொல்லலாம்.

நம் வினையெச்சமும் இங்குக் கைகொடுக்கும். 'உள்ளே நுழைந்து, சிங்கங்களை எண்ணி, வெளியே வந்து, உணவு உண்டோம்' எனத் தமிழ் ஒரே முற்றில் முடிக்கும் கோவையை ஸ்பானியம் நான்கு முற்றுகளாக உடைத்துச் சொல்லும். ஒன்றன்பின் ஒன்றாக இவ்வாறு வினையெச்சமாகக் கோக்கத்தக்கவை யாவும் முற்றிய இறந்தகாலத்திற்கு உரியவை. 'குளிராக இருந்து, உள்ளே நுழைந்து' என்று எவரும் கோப்பதில்லை. தமிழாசிரியர் ஒருவர் ஸ்பானிய ஆசிரியருக்குச் செய்யத்தக்க உதவிகளுள் இதைவிடப் பயனுள்ளது வேறு இருக்குமா என்பது ஐயமே.

பல வகுப்புகளில் உலவும் ஒரு தவறான விதியையும் இங்கே குறிப்பிட வேண்டும். நெடுங்காலம் நீடித்தது முற்றா இறந்தகாலம் பெறும், நொடியில் முடிந்தது முற்றிய இறந்தகாலம் பெறும் என்பது அவ்விதி. கால அளவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நஸ்ரீ மரபினர் கிரனாதாவை 1492 வரை இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஆண்டனர். அந்த 'ஆண்டனர்' முற்றிய இறந்தகாலமே. தொடக்கமும் முடிவும் கூறி முழுமையாக எல்லை கட்டிவிட்டோம் அல்லவா? கோர்தொபா நகரத்துப் பெரிய பள்ளிவாசல் இதை இன்னும் நுட்பமாகக் காட்டும். 1236இல் மூன்றாம் ஃபெர்னாந்தோ நகரைக் கைப்பற்றியபின் அது கிறித்தவத் தேவாலயமாயிற்று. 'மன்னர் நகருக்குள் வந்தபோது அது பள்ளிவாசலாக இருந்தது' என்னும்போது 'எரா'. 'அது நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் பள்ளிவாசலாக இருந்தது' என்னும்போது 'ஃபுவே'. கட்டடம் ஒன்றே, உண்மையும் ஒன்றே. முதற்கூற்றில் பேசுபவர் அக்காலத்தினுள் நின்று பார்க்கின்றார்; இரண்டாவதில் வெளியே நின்று அதை முழுதாகப் பார்க்கின்றார்.

இவையெல்லாம் தேர்வுத்தாளோடு முடிந்துவிடும் நுணுக்கங்கள் எனில் இத்தனை விரித்திருக்க மாட்டோம். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த பயணியின் பையை எவரோ களவாடிச் சென்றனர் என்று வைத்துக்கொள்வோம். காவல் நிலையத்தில் அவர் 'மிராபா' என்று சொன்னால், பார்த்துக்கொண்டிருந்தபோது களவு நடந்தது என்பது விளங்கும். 'மிரே' என்று சொன்னால், பை பறிபோனதும் கோபுரத்தை நோக்கினார் என்பது போல ஒலிக்கும். காவலர் மீண்டும் மீண்டும் கேட்பார். மருத்துவரிடம் 'தலை வலித்தது' என்று சொல்வதிலும் இதே சிக்கல் உண்டு. 'தொலீயா' என்றால் அவ்வேளையில் வலி இருந்துகொண்டிருந்தது. 'தொலியோ' என்றால் வலி வந்து போயிற்று. ஒலியில் சிறு வேறுபாடு. மருத்துவர் அடுத்துக் கேட்கும் கேள்வியோ அதனால் மாறிவிடும்.

சில வினைகளில் காலம் மாறும்போது தமிழ்ச் சொல்லே மாறிவிடுகின்றது. 'கொனொஸீயா' என்றால் அவரை முன்பே அறிந்திருந்தேன். 'கொனொஸீ' என்றால் அன்றுதான் அறிமுகமானேன். 'ஸபீயா' என்றால் தெரிந்திருந்தது. 'ஸூபே' என்றால் தெரிய வந்தது. 'நோ கெரீயா எந்த்ரார்' என்றால் நுழைய விருப்பமில்லை, ஆயினும் நுழைந்தும் இருக்கலாம். 'நோ கீஸே எந்த்ரார்' என்றால் நுழைய மறுத்தேன். இவற்றை விதியாக எழுதிப் போடுவதைவிட, வழிகாட்டியை முதன்முதலில் சந்தித்தது, அரண்மனை மூடியிருப்பதை வாயிலில் கேட்டறிந்தது போன்ற பயண நிகழ்ச்சிகளோடு பிணைத்துக் கற்பித்தால் மனத்தில் தங்கும்.

நுழைவுச்சீட்டுச் சாளரத்தில் பயணி சொல்லும் முதல் வாக்கியமே இறந்தகாலத்தில் அமையக்கூடும் என்பது வேடிக்கையானது. 'கெரீயா தோஸ் எந்த்ராதாஸ்' என்றால் சொல்லளவில் 'இரண்டு சீட்டு விரும்பினேன்'. பொருளோ 'இரண்டு சீட்டு வேண்டும்' என்னும் பணிவான வேண்டுகோள். பெரியவர் வீட்டு வாயிலில் நின்று 'தங்களைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன்' என்று சொல்லும் நமக்கு இதன் நயம் புரியாமல் போகாது.

வகுப்பறைப் பயிற்சி எளிது. ஓர் இடத்தின் ஒளிப்படத்தைக் காட்டி, முதற்சுற்றில் காட்சியை மட்டும் சொல்லச் செய்யலாம்: வானிலை, மக்கள், ஒலி, மணி. வினைகள் யாவும் முற்றா இறந்தகாலத்தில் அமைய வேண்டும். இரண்டாம் சுற்றில் நிகழ்ச்சிகளை மட்டும் வினையெச்சக் கோவையாகத் தமிழில் சொல்லி, பின்பு ஸ்பானியத்தில் முற்றுகளாக உடைக்கச் செய்யலாம். மூன்றாம் சுற்றில் இரண்டையும் பின்ன வேண்டும். இச்சுற்றில்தான் பிழைகள் மிகும். அவற்றை உடனுக்குடன் திருத்தாமல், 'கதை நகர்ந்ததா, நின்றதா?' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் மாணவரே மாற்றிக்கொள்கின்றனர்.

பாடநூல் எந்நாட்டது என்பதையும் ஆசிரியர் கவனித்துக்கொள்ள வேண்டும். 'பார்த்திருக்கிறேன்' என்பது போலவே துணைவினை சேர்த்து அமைக்கும் 'எ பிஸ்தோ' என்னும் வடிவமும் ஸ்பானியத்தில் உண்டு. 'கிரனாதாவுக்குச் சென்றிருக்கிறீர்களா?' என்னும் கேள்வியில் இரு மொழிகளும் ஒத்துப்போகின்றன. ஆனால் இன்று காலை பார்த்த அரண்மனையைப் பற்றி மத்ரீத் நகரத்தார் பெரும்பாலும் இவ்வடிவத்தையே ஆள்வர்; மெக்சிகோ நாட்டவரோ நம்மைப் போல 'பார்த்தேன்' என்று முற்றிய இறந்தகாலத்தில் சொல்லிவிடுவர். மாணவர் முதலில் எந்நாட்டுக்குச் செல்லவிருக்கின்றார் எனக் கேட்டறிந்து, அந்நாட்டு வழக்கிலிருந்து தொடங்கலாம்.