டாட்டூ குத்த டாக்டர் வேண்டுமா?

ஜப்பானில் ஒசாகாவை ஒட்டி சுயிதா என்று ஓர் ஊர். அங்கே சின்னதாக ஒரு டாட்டூ கூடம் நடத்திவந்தார் தைகி மசுதா. மூன்று பெண்களுக்கு டாட்டூ குத்தினார் என்று 2015இல் அவர் மீது வழக்கு பாய்ந்தது. டாக்டர் அல்லாதவர் மருத்துவத் தொழில் செய்யக் கூடாது என்கிறது அந்நாட்டு மருத்துவர் சட்டத்தின் 17ஆம் பிரிவு. ஊசி முனையில் சாயத்தை வைத்துத் தோலுக்குள் செலுத்துவது மருத்துவச் செயல்தான் என்று 2001இல் சுகாதார அமைச்சகம் ஒரு சுற்றறிக்கையில் சொல்லியிருந்தது. இரண்டையும் சேர்த்துவைத்து மசுதாவுக்கு 3 லட்சம் யென் அபராதம் விதித்தார்கள்.

கட்டியிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். அவர் கட்டவில்லை. கட்டினால், தன் தொழிலே குற்றம் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். முழு விசாரணை வேண்டும் என்று கேட்டு நீதிமன்றப் படியேறினார். ஐந்தாண்டுகள் நீண்ட அந்த வழக்கில் நீதிபதிகள் விடை சொல்ல வேண்டியிருந்த கேள்வி, ஜப்பானின் டாட்டூ பிரியர்கள் யாரும் கேட்டேயிராத கேள்வி: தோலில் சித்திரம் எழுதுவது வைத்தியமா, கைவினையா?

அவர்கள் ஏன் கேட்டதில்லை என்பது, ஜப்பானிய முறையில் டாட்டூ குத்துவதை ஒருமுறை பார்த்தாலே விளங்கிவிடும்.

முதுகு முழுவதும், சிலருக்குத் தோளிலிருந்து முழங்கால் வரையிலும், ஒரே சித்திரமாகப் பரவும் பெரிய வேலைப்பாட்டை ‘ஹோரிமோனோ’ என்கிறார்கள். அதைச் செய்பவர் ‘ஹோரிஷி’. மின்சாரக் கருவி இல்லாமல் கையாலேயே குத்துவது ‘தேபோரி’. மூங்கிலிலோ உலோகத்திலோ ஒரு நீண்ட கைப்பிடி. அதன் நுனியில் பட்டு நூலால் வரிசையாகக் கட்டிய ஊசிகள். கோடு போட ஒரு கட்டு, நிழல் போட அதைவிட அகலமான இன்னொரு கட்டு. ஹோரிஷி தரையில் மண்டியிட்டு உட்காருவார். இடது கை தோலை இறுக்கிப் பிடித்திருக்கும்; அதே கையின் விரலிடுக்கில் மை தோய்த்த தூரிகையும் இருக்கும். கருவியை இடது பெருவிரல் மேல் தாங்கலாகச் சாய்த்து, வலது கையால் உள்ளே தள்ளி லேசாக நெம்பி எடுப்பார். சக், சக் என்று ஒரே தாளத்தில் அந்தச் சத்தம் மணிக்கணக்கில் கேட்கும்.

சூட்சுமம் எல்லாம் ஆழத்தில் இருக்கிறது. மை மேல்தோலோடு நின்றால், தோல் உதிரும்போது அதுவும் போய்விடும். அளவுக்கு மீறி இறங்கினால் மை பரவி, கோடு ஊதிப்போகும். நடுவில் இருக்கும் உள்தோலுக்குள், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் அது நிற்க வேண்டும். முதுகுத் தோலும் விலாத் தோலும் ஒன்றல்ல. இருபது வயதுத் தோலும் ஐம்பது வயதுத் தோலும் ஒன்றல்ல. அளந்து பார்க்கக் கருவி கிடையாது; கைதான் அறிய வேண்டும். ‘பொகாஷி’ என்ற நிழல் வேலையில்தான் கை தேர்ந்தவர் யார் என்று தெரியும். அடர்கறுப்பில் தொடங்கி, சாம்பலாகி, எங்கே முடிந்தது என்று கண்ணுக்குப் படாமல் தோலின் நிறத்தில் கரைந்துபோகும் அந்த நிழல். அச்சில் எடுத்த படத்தில் அதன் அழகில் பாதிகூடத் தெரியாது.

உள்ளே போன மை அங்கேயே எப்படித் தங்குகிறது என்பதற்கு பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018இல் ஒரு விளக்கம் தந்தார்கள். எலிகளில் நடந்த ஆய்வு அது. உடலின் காவல் செல்களான மேக்ரோஃபேஜ்கள் சாயத் துகள்களை விழுங்கிவைத்துக்கொள்கின்றன. அவை இறக்கும்போது துகள்கள் வெளியே வருகின்றன; அடுத்து வரும் செல்கள் அதே இடத்தில் அவற்றை மறுபடி விழுங்கிக்கொள்கின்றன. அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும் கோடு, உடலுக்குள் விடாமல் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

இப்படி ஒரு வேலைக்கு எத்தனை காலம் பழக வேண்டும்? யோகோஹாமாவைச் சேர்ந்த மூன்றாம் ஹோரியோஷியின் கதை இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. 1946இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது பொதுக் குளியலகத்தில் உடல் முழுக்கச் சித்திரம் எழுதிய ஒருவரைப் பார்த்தார். அந்தக் காட்சி அவரை விடவில்லை. இருபத்தைந்தாவது வயதில் முதலாம் ஹோரியோஷியான யோஷிட்சுகு முராமட்சுவிடம் சீடராகச் சேர்ந்து, பத்து ஆண்டுகள் கற்றார். இந்த மரபில் சீடன் என்றால் ஊசியை எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்கள். கூடத்தைப் பெருக்குவது, மை அரைப்பது, ஊசி கட்டுவது, பழைய சித்திரங்களைத் திரும்பத் திரும்ப வரைவது, குரு குத்தும்போது பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்து பார்ப்பது. முதலில் குத்திப் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் தன் சொந்தத் தொடைதான். குரு மனம் நிறைந்து பெயர் கொடுக்கும்போது, ‘ஹோரி’ என்று தொடங்கும் அந்தப் பெயரோடு பரம்பரையின் பொறுப்பும் சேர்ந்து வருகிறது.

மூன்றாம் ஹோரியோஷியே 1990களின் பிற்பகுதியில் கோடுகளுக்கு மின்கருவியை எடுத்துக்கொண்டார். மரபைக் காப்பது என்றால் கருவியைக் கும்பிடுவது என்று அவர் நினைக்கவில்லை. கோடு சுத்தமாக வந்தால் போதும்.

சித்திரத்துக்கும் இலக்கணம் உண்டு. கெண்டை மீன் நீந்தும் நீரில் மேப்பிள் இலை மிதந்தால் அது இலையுதிர் காலம். அதே முதுகில் வசந்தத்தின் செர்ரிப் பூவைக் காரணமில்லாமல் கொண்டுவந்து ஒட்டினால், விவரம் தெரிந்தவர் முகம் சுளிப்பார். சிங்கத்துக்குத் துணை பியோனி மலர். காற்றும் அலையும் மேகமும் பின்னணியில் ஓடி, தனித்தனி உருவங்களை ஒரே உடம்பாகக் கட்டிப்போட வேண்டும். இந்த உலகத்தைத் திறந்துவிட்டது ஒரு மரச்செதுக்கு ஓவியர்: உதாகவா குனியோஷி. ‘சூயிகோடென்’ என்று ஜப்பானியர் அழைக்கும் சீன வீரகாவியத்தின் நாயகர்களை 1827 முதல் அவர் வரிசையாக வரைந்து வெளியிட்டார். வீரர் பலருக்கு உடம்பெல்லாம் டாட்டூ. எடோ நகரம், அதாவது இன்றைய டோக்கியோ, பித்துப்பிடித்ததுபோல் ஆனது. தீயணைப்போர், பல்லக்குத் தூக்கிகள், ஓட்டத் தபால்காரர்கள் என்று சட்டையில்லாமல் உழைத்தவர்கள் அந்த வீரர்களைத் தங்கள் முதுகில் ஏற்றிக்கொண்டார்கள். தீயணைப்போருக்குப் பிடித்தது டிராகன். ஜப்பானில் அது நீருக்குரிய தெய்வ உரு. எரியும் கூரைமேல் ஏறுகிறவனுக்கு அதைவிட நல்ல துணை ஏது?

இதே காலத்தில் குற்றவாளிகளின் கையிலும் நெற்றியிலும் தண்டனையாகக் குறி குத்தும் வழக்கமும் இருந்தது. அந்தக் கறையும் இந்தக் கலையும் மக்கள் மனதில் குழம்பிப்போனது பெரிய துரதிர்ஷ்டம். மேலைநாடுகள் நம்மைக் காட்டுமிராண்டிகளாக நினைத்துவிடக் கூடாதே என்ற கவலையில் மெய்ஜி அரசு 1872இல் டாட்டூவையே தடை செய்தது. ஆனால் மேலைநாட்டார் அதைத் தேடித்தான் வந்தார்கள். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான பிரிட்டிஷ் இளவரசர் 1881இல் ஜப்பானுக்கு வந்தபோது கையில் டிராகன் குத்திக்கொண்டார். பின்னாளில் ரஷ்யாவின் கடைசி ஜாரான நிக்கோலஸ் 1891இல் நாகசாகியில் அதையே செய்தார். உள்ளூர்க்காரர்களுக்கு அந்தத் தடை நீங்கியது 1948இல்.

கலையைத் தாங்கிப் பிடித்ததில் ஊசி பிடித்தவருக்கு உள்ள பங்கு முதுகு கொடுத்தவருக்கும் உண்டு. முழு முதுகு முடிய வாரம் ஒருமுறை என்று போனாலும் ஆண்டுக்கணக்கில் ஆகும். பணம் வற்றும், வலி அலுக்கும், பாதியில் நின்றுபோன முதுகுகள் ஏராளம். டோக்கியோவில் மசாயிச்சி ஃபுகுஷி என்றொரு நோய்க்கூறியல் மருத்துவர் இருந்தார், 1878இல் பிறந்தவர். தோலைப் பற்றிய ஆராய்ச்சியில் தொடங்கியவர், சித்திரத் தோலின் அழகில் சிக்கிக்கொண்டார். காசில்லாமல் பாதியில் விட்டவர்களுக்குத் தன் பணத்தைக் கொடுத்து வேலையை முடிக்கச் சொன்னார். அவர்கள் சம்மதித்தால், இறந்த பிறகு அந்தத் தோலைப் பதப்படுத்திப் பாதுகாத்தார். டோக்கியோ பல்கலைக்கழக மருத்துவ அருங்காட்சியகத்தில் அந்தத் தோல்கள் இன்றும் இருக்கின்றன. கேட்கும்போது உடல் கூசத்தான் செய்கிறது. ஆனால் அணிந்தவரோடு எரிந்து போயிருக்க வேண்டிய கலை, ஃபுகுஷி இல்லாவிட்டால் நமக்குக் கிடைத்திருக்காது.

கடல் தாண்டியும் இந்த மதிப்பு போனது. அமெரிக்கர் டான் எட் ஹார்டி கலைக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர். 1973இல் அவர் ஜப்பானின் கிஃபு நகருக்குப் போய், ஹோரிஹிதே என்ற ஹோரிஷியின் கூடத்தில் இருந்து வேலை கற்றார். ஊர் திரும்பி 1974இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் அவர் திறந்த கூடத்தில், சுவரில் மாட்டிய படத்தைக் காட்டி ‘இதைக் குத்து’ என்று கேட்க முடியாது. முன்கூட்டியே நேரம் வாங்கி, உட்கார்ந்து பேசி, அந்த ஒருவருக்காகவே வரையும் சித்திரம்தான். இன்று உலகெங்கும் நல்ல கூடங்களில் வழக்கமாகிவிட்ட முறை இது. இன்னொருவர் கையில் இருப்பதை செல்போனில் படமெடுத்து வந்து ‘இதே மாதிரி, பாதி விலைக்கு’ என்று நிற்பவர் தன்னை டாட்டூ பிரியர் என்று சொல்லிக்கொள்ளலாம். வரைந்தவரையும் அணிந்தவரையும் ஒருசேர அவமதிக்கிறார் என்பதை யாராவது அவருக்குச் சொல்ல வேண்டும். மலிவான கூடத்தில் ஒருவருக்குக் குத்திய ஊசியே அடுத்தவருக்கும் போனால், மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் கூடவே போகக்கூடும். புது ஊசியைக் கண்முன்னே பிரிக்கச் சொல்வதில் எந்தக் கூச்சமும் வேண்டியதில்லை. நல்ல கலைஞர் அதைக் கேட்டு முகம் கோணமாட்டார்.

முடிந்த ஹோரிமோனோவின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஹோரிஷி தன் பெயரைக் குத்துவது உண்டு. நம் ஊர்ப் பாட்டிமார் முன்கைகளில் புள்ளிக்கோலமும் தேளும் பச்சையாகத் துலங்கியதைப் பார்த்திருக்கிறோம். ஊர் ஊராக நடந்து வந்து கையாலேயே அவற்றைக் குத்திப்போன குறவர் சமூகப் பெண்களில் ஒருவர் பெயரையாவது நாம் எழுதிவைத்தோமா?

பெயர் இருந்தும் ஜப்பானியக் கலைஞருக்கு ஊர் மதிப்பு முழுதாகக் கிடைத்துவிடவில்லை. யாகூசா என்னும் குற்றக் கும்பல்களும் அவர்களைப் பற்றிய சினிமாக்களும் சேர்ந்து, டாட்டூ என்றாலே ரவுடி என்று ஆக்கிவிட்டன. அந்நாட்டுச் சுற்றுலா அமைப்பு 2015இல் விடுதிகளிடமும் வெந்நீர்க் குளியலகங்களிடமும் கேட்டபோது, பதில் தந்தவர்களில் 56 விழுக்காட்டினர் டாட்டூ உள்ளவர்களை உள்ளே விடுவதில்லை என்றார்கள். 2013இல் நியூசிலாந்திலிருந்து வந்த மாவோரிப் பெண் ஒருவரை, முகத்தில் மரபுக் குறி இருந்ததற்காக ஹொக்கைடோவில் ஒரு குளியலகம் திருப்பி அனுப்பியது. 2019 ரக்பி உலகக் கோப்பையின்போது சமோவா அணியினர் குளத்தில் இறங்க உடம்பை மூடும் சட்டை போட்டுக்கொண்டார்கள். சமோவாவில் அதே டாட்டூ, ஒரு ஆண் தன் குடும்பத்துக்கும் ஊருக்கும் சேவை செய்யத் தயார் என்பதற்கு அடையாளம்.

இந்தச் சூழலில்தான் மசுதா வழக்கு நடந்தது. 2017 செப்டம்பரில் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அபராதத்தை மட்டும் ஒன்றரை லட்சம் யென்னாகக் குறைத்தது. டாட்டூ பிரியர்களும் சக கலைஞர்களும் பணம் திரட்டித் தோள் கொடுத்தார்கள். 2018 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, அவரை விடுவித்தது. அரசுத் தரப்பு விடாமல் மேல்முறையீடு செய்தது. 2020 செப்டம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

அந்தத் தீர்ப்பின் சாரம், ஊசி பிடித்த ஒவ்வொருவரும் தலைநிமிரத்தக்கது. டாட்டூவுக்கு வேண்டியது ஓவியத் திறன். மருத்துவக் கல்லூரியில் அதைக் கற்றுத்தருவதில்லை. காலங்காலமாக அதைச் செய்துவந்தவர்கள் டாக்டர்கள் அல்லர். டாக்டர்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலையாகச் சமூகம் அதை எண்ணவும் இல்லை என்றது நீதிமன்றம். டாக்டர் மட்டும்தான் குத்தலாம் என்றால் நாட்டில் டாட்டூ கலைஞரே இருக்கமாட்டார், குத்திக்கொள்ள விரும்புகிறவர்களின் சுதந்திரமும் போய்விடும் என்று நீதிபதி கொயிச்சி குசானோ தனிக் குறிப்பில் எழுதினார். ஊசி பிடித்தவருக்காகத் தொடங்கிய வழக்கில், முதுகு கொடுத்தவரையும் ஒரு நீதிபதி நினைத்துப் பார்த்திருக்கிறார்.

பக்கத்து நாட்டில் இந்தப் போராட்டம் இன்னும் நீண்டது. தென்கொரிய உச்ச நீதிமன்றம் 1992இல் டாட்டூவை மருத்துவச் செயல் என்று தீர்த்துவிட்டது. நுண்கோட்டு டாட்டூவுக்காக உலகமே வியந்து பார்க்கும் கொரியக் கலைஞர்கள், சொந்த ஊரில் பெயர்ப் பலகை இல்லாத அறைகளில் வேலை செய்தார்கள். அரசமைப்பு நீதிமன்றத்திடம் போனார்கள்; 2022இல் ஐந்துக்கு நான்கு என்று தோற்றார்கள். 2025 செப்டம்பரில்தான் அந்நாட்டு நாடாளுமன்றம் டாட்டூ கலைஞர் சட்டத்தை நிறைவேற்றியது. தேர்வு எழுதி உரிமம் பெறுபவர் டாக்டராக இல்லாமலேயே தொழில் செய்யலாம். நடைமுறைக்கு வர இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். சுத்தமும் பாதுகாப்பும் அந்தத் தேர்வில் கட்டாயம் இருக்க வேண்டியவை. கோடும் நிழலும் அதில் இடம்பெறுமா என்று கேட்கும் உரிமை, முப்பது ஆண்டுகளாகக் கதவடைத்துக்கொண்டு அந்தக் கோட்டைப் பழகியவர்களுக்கு இருக்கிறது.