அழகுச் சிகிச்சைகளுக்கு இடையே எத்தனை நாள்?

திருமணம் நிச்சயமானவுடன் மண்டபம், சமையல், நாதஸ்வரம் ஆகியவற்றோடு அழகு நிலையத்திற்கும் நாள் குறித்து விடுவது இன்று சிற்றூர்களிலும் வழக்கமாகி விட்டது. ஒரு காலத்தில் அங்கே முகப்பூச்சும் மசாஜும்தான் கிடைக்கும். இப்போது அமிலப் பூச்சு, லேசர், நுண்ணூசி உருளை என்று தோல் மருத்துவரின் அறைக்குரியவை பலவும் விலைப்பட்டியலில் ஏறி விட்டன. ஒவ்வொன்றும் அரை மணி அல்லது ஒரு மணி நேரத்தில் முடிந்து விடுகிறது. அப்படியானால் ஒரே வாரத்தில் மூன்றையும் செய்துகொண்டால் என்ன?

நாற்காலியில் அமர்ந்திருக்கும் நேரம் வேறு, தோல் எடுத்துக் கொள்ளும் நேரம் வேறு. இச்சிகிச்சைகளில் பெரும்பாலானவை தோலுக்கு வேண்டுமென்றே ஒரு சிறு காயத்தை உண்டாக்குகின்றன. காயத்தை ஆற்றும்போது தோல் தன்னைப் புதுப்பித்துக் கொள்கிறது; அந்தப் புதுப்பித்தலைத்தான் நாம் பளபளப்பு என்கிறோம். எனவே இரு சிகிச்சைகளுக்கு இடையே எவ்வளவு நாள் விட வேண்டும் என்பது, முதல் சிகிச்சை எந்த அடுக்கை எவ்வளவு ஆழத்திற்குக் காயப்படுத்தியது என்பதைப் பொறுத்தது.

முகத்தின் மேல்தோல் ஏறத்தாழ ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமே உடையது. அதன் அடிவரிசையில் பிறக்கும் செல்கள் மெல்ல மேலேறி, இறந்து, தட்டையாகி, மேற்பரப்பில் ஒரு படலமாக அமைந்து, பின் உதிர்கின்றன. இளவயதில் இப்பயணத்திற்குச் சுமார் நான்கு வாரங்கள் ஆகும். வயது ஏற ஏற இன்னும் கூடுதலாகும். மேல்தோலுக்குக் கீழே உள்ள உட்தோலில் கொலாஜன் நார்கள் உள்ளன. அங்கே ஏற்படும் காயம் மேலே மூடிக்கொண்ட பிறகும் பல மாதங்களுக்கு உள்ளே சீரமைந்து கொண்டே இருக்கும். மேலே பார்த்து உள்ளே ஆறிவிட்டது என்று முடிவு செய்ய இயலாது.

வாக்சிங்கும் அமிலமும்

மேற்பரப்பிலுள்ள இறந்த செல்களின் படலத்தை வீணான அழுக்கு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதுவே நமது மதிற்சுவர். 'பீல்' என்று அழைக்கப்படும் பூச்சில் கிளைக்காலிக் அமிலம் போன்ற ஓர் அமிலம் தோலுக்குள் விரவிச் செல்கிறது. எவ்வளவு ஆழம் செல்லும் என்பதை அமிலத்தின் செறிவு, அது தோலில் இருக்கும் நேரம், இடையிலுள்ள படலத்தின் கனம் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. முதல் இரண்டையும் பூசுபவர் அளந்து கொள்வார். மூன்றாவதை அளக்க அவரிடம் கருவி இல்லை.

இனி, முந்தின நாள் மேலுதட்டிலும் கன்னத்திலும் வாக்சிங் செய்துகொண்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். மெழுகு முடியோடு இப்படலத்தையும் ஆங்காங்கே பிய்த்தெடுத்து விடுகிறது. மதிலில் ஓட்டை விழுந்த இடங்களில் அமிலம் ஆழமாக இறங்கும். மற்ற இடங்களில் வழக்கம்போல் நிற்கும். அதே புட்டி, அதே நிமிடக் கணக்கு. முகத்திலோ திட்டுத்திட்டான புண். வாக்சிங்கிற்கும் அமிலப் பூச்சிற்கும் இடையே குறைந்தது ஒரு வாரமாவது விடச் சொல்வதற்குக் காரணம் இதுவே. இரவில் ரெட்டினால் களிம்பு பூசுபவர்களின் தோலும் எளிதில் உரியும் நிலையில் இருக்கும். அதையும் சில நாட்கள் முன்னதாக நிறுத்த வேண்டும். மேலோட்டமான ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையே இரண்டு முதல் நான்கு வாரங்கள் விடுவது மருத்துவர்களின் வழக்கம்.

என் முன்னாள் மாணவி ஒருவர் திருமணத்திற்கு ஐந்து நாட்கள் முன்பு ஒரே மாலையில் இவ்விரண்டையும் செய்துகொண்டார். எரிச்சல் மூன்று நாளில் நின்று விட்டது. ஆனால் கன்னத்தில் தோன்றிய கருந்திட்டுகள் மறையத் தலைப்பொங்கலும் கடந்து விட்டது. புண் சிறிதுதான், கறுப்பு ஏன் இத்தனை மாதம் நீடித்தது?

நம் தோலின் நிறம்

ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவரின் பெயரால் வழங்கும் ஆறு படிகளில் தோலின் வகைகள் பிரிக்கப்படுகின்றன. நம்மவரில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையிலான படிகளில் அடங்குவர். இத்தகைய தோலில் அழற்சி ஏற்பட்டால் நிறமிச் செல்கள் தூண்டப்பட்டு மெலனினை மிகுதியாகச் சுரக்கின்றன. புண் ஆறினாலும் சுரந்த நிறமி போவதில்லை. வெயில் பட்டால் இன்னும் கூடும். வெளுத்த தோலினருக்காக எழுதப்பட்ட கால அட்டவணைகளை நாம் அப்படியே கடன் வாங்க முடியாததற்கு இது முதற்காரணம்.

இரண்டாவது காரணம் இயற்பியல் சார்ந்தது. லேசர் ஒளியால் ஒரு முடியின் வேரை மட்டும் சுட்டு, அருகிலுள்ள தோலை விட்டுவிடுவது எப்படி? 1983ஆம் ஆண்டு ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் இதற்குரிய கொள்கையை விளக்கினர். கடுகையும் உருளைக்கிழங்கையும் ஒரே சூட்டில் தட்டில் வைத்தால் கடுகு நொடியில் ஆறிவிடும், கிழங்கு கையைச் சுட்டுக் கொண்டே இருக்கும். ஆறும் நேரம் பொருளின் குறுக்களவின் இருமடியைப் பொறுத்தது. மெலனின் துகள் ஒரு நுண்விநாடிக்குள் ஆறிவிடும். முடியின் வேருக்குச் சில பத்து மில்லி விநாடிகள் தேவை. ஒளித்துடிப்பின் காலத்தை இலக்கின் ஆறும் நேரத்தோடு பொருத்தி, இலக்கு மட்டுமே மிகுதியாக உட்கவரும் அலைநீளத்தைத் தேர்ந்தால் சுற்றுப்புறம் தப்பிக்கும்.

முடியை நீக்கும் லேசருக்கு இலக்கு முடியிலுள்ள மெலனின். ஆனால் அதே மெலனின் மேல்தோலிலும் இருக்கிறது. ஒளி அதைக் கடந்துதான் வேருக்குச் செல்ல வேண்டும். அலைநீளம் கூடக் கூட மெலனின் ஒளியை உட்கவர்வது குறையும். ஆகவேதான் கருநிறத் தோலுக்கு 755 நானோமீட்டரை விட 1064 நானோமீட்டர் பாதுகாப்பானது.

இப்போது வரிசையைக் கவனியுங்கள். சென்ற மாதம் ஒரு லேசர் அமர்வு எந்தத் தீங்கும் இன்றி முடிந்தது. இடையில் ஓர் அமிலப் பூச்சால் கன்னம் கறுத்தது, அல்லது கோயில் திருவிழாவில் மூன்று நாள் வெயிலில் நின்றது. இம்மாதம் அதே கருவி, அதே ஆற்றல். மேல்தோலில் மெலனின் கூடியிருப்பதால் சென்ற முறை கடந்து போன ஒளி இம்முறை மேலேயே வெப்பமாகி விடும், கொப்புளம் எழும். கருவி மாறவில்லை, தோல் மாறிவிட்டது. கறுப்பு மறையும் வரை அடுத்த லேசரைத் தள்ளிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

லேசருக்கு முன் முடியைப் பிடுங்கிவிட்டுச் செல்வோரும் உண்டு. வாக்சிங்கிலும் த்ரெட்டிங்கிலும் வேரே வெளிவந்து விடுவதால் ஒளிக்கு இலக்கே இல்லாமல் போகிறது; பணம் மட்டும் செலவாகும். நான்கு வாரம் அவற்றை விட்டு, தேவையானால் மழித்துக் கொள்ளலாம். இங்கு இரு அமர்வுகளுக்கு இடையே நான்கு முதல் ஆறு வாரம் விடுவது புண் ஆறுவதற்காக மட்டுமன்று. வளரும் பருவத்திலுள்ள முடிகளே லேசருக்கு ஆட்படும். உறங்கும் முடிகள் விழித்தெழக் காத்திருக்க வேண்டியுள்ளது.

கார்பன் டை ஆக்சைடு லேசரின் கதை வேறு. 10,600 நானோமீட்டர் அலைநீளமுள்ள அதன் ஒளியை உட்கவர்வது மெலனின் அன்று, நீர். தோலின் பெரும்பகுதி நீராகையால் பட்ட இடம் ஆவியாகி, காயம் உட்தோல் வரை இறங்கும். இதன் பின் வேறெதையும் செய்யக் குறைந்தது ஒரு மாதம், நம் தோலுக்கு அதற்கும் மேல், பொறுத்திருப்பது நல்லது. நுண்ணூசி உருளைக்கும் நான்கு முதல் ஆறு வார இடைவெளி உண்டு.

ஊசியும் மாத்திரையும்

சுருக்கத்தைப் போக்கும் பொட்டுலினம் ஊசி தோலைக் காயப்படுத்துவதில்லை. நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் செய்தியைத் தடுக்கிறது. சில நாட்களில் தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுப்பயனைத் தந்து, மூன்று நான்கு மாதங்களில் தேய்ந்து விடும். ஊசி போட்ட அன்று முகத்தைத் தேய்க்கும் மசாஜ் எதுவும் கூடாது. மருந்து அண்டைத் தசைக்கு நகர்ந்தால் இமை தொங்கக் கூடும். பலன் போதவில்லை என்று நான்காம் நாளே மறு ஊசி கேட்பதிலும் பொருளில்லை.

முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உண்போர், நிறுத்தி ஆறு மாதம் வரை எந்தச் சிகிச்சையும் செய்யக் கூடாது என்பது 1980களில் எழுந்த விதி. 2017இல் அமெரிக்கத் தோல் மருத்துவ வல்லுநர்கள் சான்றுகளை மறுபடி ஆராய்ந்து, மேலோட்டமான அமிலப் பூச்சு, முடிநீக்கும் லேசர் போன்றவற்றிற்கு அவ்வளவு காத்திருக்கப் போதிய ஆதாரமில்லை என்றனர். தோலை இயந்திரத்தால் தேய்த்தெடுப்பதற்கும், மேற்பரப்பு முழுவதையும் அகற்றும் லேசருக்கும் பழைய எச்சரிக்கை நீடிக்கிறது. மாத்திரை உண்பதை மறைக்காமல் சொன்னால்தான் மருத்துவரால் இந்த வேறுபாட்டைப் பார்க்க முடியும்.

மணநாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி இரு வாரங்களில் புதிதாக எதையும் தொடங்கலாகாது என்பது என் கருத்து. ஆழமானவை நான்கைந்து மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும். சாதாரண நீரில் முகம் கழுவும்போது எரிச்சலோ, சிவப்போ, உரிதலோ இருந்தால் குறித்த நாள் வந்துவிட்டாலும் தோல் இன்னும் தயாராகவில்லை. ஒவ்வொரு முறையும் தேதி, அமிலத்தின் பெயர், அதன் விழுக்காடு, லேசரின் அலைநீளம் ஆகியவற்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். அடுத்த இடத்தில் முகத்தில் கை வைக்கும் முன் அந்தத் தாளைக் காட்டுங்கள்.